சிவப்பு அட்டைக்கு மேல காப்பி டம்ளர்

பையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறனுங்ணா. உங்க காலை இடிக்குதுல்ல? உள்ள கலகலன்னு சத்தம் கேக்குதேன்னு பாக்காதீங்க, பகடைங்க. பத்து மொகம் இருக்கற பகடை. பன்னெண்டு இருக்குது, எல்லாம் நானே செஞ்சது. ரோஸ் கலர்ல இருக்குதேன்னு பாக்கறீங்களா? கட்டுப்பல்லுக்கு ஈறு வெப்பாங்கல்ல, அந்த மாவுங்க. நான் பல்லு லேப்ல வேலை பாக்கறேன், சிங்காநல்லூருல. டாக்டருங்க அளவெடுத்து அனுப்புவாங்க, நான் பல்லுக் கட்டி அனுப்புவேன். மிச்சம் உழுகற மாவுல இதைச் செஞ்சேன். என்ற மாமியா இதைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க. "இது யாரோட ஈறுங்க மாப்பிள்ளை"ன்னு கேட்டாங்க.

கரூர் வரைக்கும் போறேன். நீங்களும் கரூருங்களா? நல்லதாப் போச்சு, ரெண்டரை மணி நேரம் பேச்சுத் துணை ஆச்சு. மாமனார் ஊட்டுக்குத்தானுங்க போறேன். சம்சாரம் அங்க இருக்கறா. பத்தொம்பது நாளாச்சு. கூட்டிட்டு வரப் போறேன். வருவாளான்னு கேக்கறீங்களா? வருவாங்க. வராம என்ன? எனக்கு இப்ப இருக்கற கவலை அது ஒண்ணுதான், ஆனா வருவா.

சண்டையெல்லாம் இல்லீங்ணா. கல்யாணமாயி ஆறு வருசத்துல ஒரு நாளு அவ குரலை உசத்திப் பேசுனதில்லை. ஒரு விளையாட்டுனால வந்த வினை. சீட்டா? சேச்சே, நம்மகிட்ட அதெல்லாம் கிடையாது. பேய் விளையாட்டுங்க. பயப்படாதீங்க, ஆவியைக் கூப்பிடறது கீப்பிடறதில்லை. நாலு பேரு மேஜையைச் சுத்தி உக்காரணும். ஒருத்தன் கதை சொல்லுவான். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளாளுக்கு ஒரு ஆளா இருக்கோணும். "லிஃப்ட் கதவு திறக்குது. உள்ள யாரும் இல்லை. ஆனா லிஃப்ட் கண்ணாடியில ஒருத்தன் நிக்கறான். என்ன பண்றீங்க?"ன்னு நான் கேப்பேன். நீங்க ஓடறேன்னு சொல்லலாம், உள்ள போறேன்னு சொல்லலாம். முடியுமா முடியாதான்னு சந்தேகம் வந்தா பகடையை உருட்டிப் பாக்கறது. அவ்வளவுதான். பாழடைஞ்ச பங்களா, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், ஒண்ணும் கிடையாது. எல்லாம் இந்தக் காலத்துப் பேயி. அபார்ட்மென்ட்டு, லிஃப்ட்டு, செல்போனு.

நான் நெட்டுல பெங்களூருப் பசங்களோட ரெண்டு வருசம் இதை விளையாண்டேன். அப்புறம் என்னைக் கழட்டி உட்டுட்டாங்க. கதை சொல்றவரை நான் ஒவ்வொரு வாரமும் திருத்தறேனாம். திருத்தத்தான் செஞ்சேன். ஆள் செத்து அரை மணி நேரத்துல ஒடம்பு அப்படி வெறைக்காதுன்னு சொன்னேன். தப்புங்களா? சரி, இவனுகளே வேண்டாம், நானே கதை நடத்தறேன், கோயமுத்தூருல நடுங்காத ஆளே இருக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணுனேன். இதுவரைக்கும் நடுங்குனது நான் ஒருத்தன்தான், அது வேற கதை.

புதுசா வர்றவங்களை எப்படிச் சேத்தறதுன்னு இந்த விளையாட்டோட விதிப் புத்தகத்துலயே ரெண்டு பக்கம் போட்டிருக்குதுங்க. சின்னக் கதையாச் சொல்லுங்க, முக்கால் மணி நேரத்துல முடியறதாப் பாத்துக்குங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேளுங்கன்னு. நான் அந்த ரெண்டு பக்கத்தையும் தாண்டிப் போயிட்டேன். எனக்கெதுக்குங்க அதெல்லாம்? இரநூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கி எழுத ஆரம்பிச்சேன். மூணு மாசம்.

ஆறு மணிக்கு லேப்ல இருந்து வருவேன், சின்ன ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவேன். எழுதுனா மட்டும் பத்தாதுல்லங்க, பேயிக்குக் குரல் வேணுமில்ல? பேசிப் பேசிப் பாப்பேன். சுகந்தி, அதான் சம்சாரம், சோறு போட்டு மேஜை மேல மூடி வெச்சுட்டுப் போயிருவா. ரெண்டொரு தடவை கதவைத் தட்டுனா. தட்டுனதும் நான் குரலை நிறுத்திருவேன், பயிற்சியை யாராச்சும் கேட்டுட்டா வெக்கமா இருக்குமில்ல. அப்புறம் அவளும் தட்டறதை உட்டுட்டா. தொந்தரவே பண்ண மாட்டா. அந்த விசயத்துல தங்கமான புள்ளைங்க.

கதையைச் சொல்லட்டுங்களா? நாலாவது மாடியில ஒரு ஊடு. அதுல ஒரு பொண்ணு தனியாக் குடியிருக்குது. அந்த ஊட்டுல ஒரு ரூம் கதவு மட்டும் எப்பவும் சாத்தியே இருக்கும். உள்ள ஒரு ஆம்பளைக் குரலு முணுமுணுன்னு பேசிட்டே இருக்கும். போயித் தட்டுனா நின்னுரும். இந்தப் பக்கம் வந்தா மறுபடியும் பேசும். எப்படீங்க? கேக்கறப்பவே ஒரு மாதிரி இருக்குதுல்ல? இதெல்லாம் எங்கிருந்து எனக்குத் தோணுச்சுன்னே தெரியலைங்ணா. சும்மா உக்காந்திருந்தேன், வந்துச்சு. ஏன் சிரிக்கறீங்க? சரி உடுங்க.

கதை ரெடி, ஆளுதான் கிடைக்கலை. லேப்ல கேட்டா, பேயின்னதும் ஒருத்தன் மாலை போட்டிருக்கேன்னான், ஒருத்தன் கொழந்தைக்குக் காச்சல்னான். அப்பப் பாத்து மாமனாரும் மாமியாளும் ஒரு வளைகாப்புக்கு வந்தவங்க எங்க ஊட்டுல தங்குனாங்க. சுகந்தியோட சேத்தா மூணு பேரு. ஆண்டவனே ஆள் அனுப்பறான்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுப் படுக்கப் போனவங்களைப் புடிச்சு மேஜையில உக்கார வெச்சேன். வெளிச்சம் வரக்கூடாதுன்னு சன்னலுக்கெல்லாம் போர்வை மாட்டுனேன். ஃபேன் சத்தம் கெடுக்குதுன்னு அதையும் நிறுத்துனேன். மாமியா அவங்களுக்குக் குடுத்த பேப்பருலயே விசிறிக்க ஆரம்பிச்சாங்க.

அந்தப் பேப்பருல அவங்கவங்க யாரு, என்ன தொழிலு, எதுக்குப் பயப்படுவாங்க, இதெல்லாம் எழுதோணும். நாலாவது மாடியில ஒரு பொண்ணு தனியா இருக்கற கதைன்னு மட்டும் சொல்லியிருந்தேன். மாமனார் சென்னியப்பன், பத்திரப் பதிவு ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. "நான் எதுக்குங்க மாப்பிள்ளை வேற ஆளா இருக்கோணும்? சென்னியப்பனாவே இருக்கறேன்"னுட்டாரு. பயம்ங்கற எடத்துல சர்வேயருன்னு எழுதுனாரு. மாமியா ஒரு நிமிசங்கூட யோசிக்காம "நான் கலெக்டரு"ன்னாங்க. பயம், கேஸ் அடுப்பை அணைக்காம வந்துட்டமோங்கறது. சுகந்தி கொஞ்ச நேரம் பேனாவை வெச்சுட்டே இருந்தா. அப்புறம், "அந்த நாலாவது மாடி ஊட்டுல இருக்கற பொண்ணா நான் இருந்துக்கறேன்"னா. நான் கேக்காமயே அந்தப் பாத்திரத்தை எடுத்தாளே, எனக்கு ஒரே பூரிப்பு.

இன்னொண்ணு சொல்லோணும். இந்த விளையாட்டுல ஒரு சிவப்பு அட்டை உண்டுங்க. மேஜை நடுவுல வெச்சிருப்போம். பேய்க்கதையாச்சே, யாருக்கு எது மனசுல குத்தும்னு சொல்ல முடியாது. யாருக்காச்சும் தாங்கலைன்னா அந்த அட்டையைத் தொட்டாப் போதும். கதை சொல்றவன் உடனே நிறுத்திரோணும். ஏன் என்னன்னு கேக்கக்கூடாது. மத்த எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், இதை மட்டும் மாத்தக்கூடாது. இதை நான் அஞ்சு நிமிசம் எழுந்து நின்னு வெளக்குனேன். மாமியா எல்லாத்தையும் கேட்டுட்டு, மேஜை கறையாயிருமேன்னு காப்பி டம்ளரை அந்த அட்டை மேல வெச்சாங்க. நானும் சரி போகட்டும்னு உட்டுட்டேன்.

ஆரம்பிச்சோம். குரலைத் தாழ்த்தி, "மாமா, நீங்க லிஃப்ட் முன்னால நிக்கறீங்க. நாலாவது மாடியில அந்தச் சாத்துன ரூமுல மூணு மாசமா யாருமே இல்லைங்கறான் வாட்ச்மேன். ஆனா அங்க வெளக்கு எரியுது. என்ன பண்றீங்க?"ன்னேன்.

"வில்லங்கம் போட்டுப் பாக்கறேன்."

"அதில்லைங்க மாமா, லிஃப்ட் கதவு திறக்குது..."

"திறந்தாத் திறக்கட்டும். முப்பது வருசத்துக்கு வில்லங்கம் பாக்காம நான் எப்படி மேல போவேன்? தாய்ப்பத்திரம் யாரு பேருல இருக்குது? வாரிசுல ஒருத்தன் கையெழுத்துப் போடாம உட்டிருந்தாலும் இப்படித்தான் தொந்தரவு வரும்"னாரு.

பகடையை உருட்டச் சொன்னேன். ஒண்ணு உழுந்துச்சுங்க. இந்த ஆட்டத்துல ஒண்ணுன்னா அமோக வெற்றி. நான் வில்லங்கச் சான்று குடுத்தே ஆகோணும். சரின்னு மாமியா பக்கம் திரும்பி, "அத்தை, செவுத்துல இருந்து ரத்தம் கசியுது"ன்னேன். "தாசில்தாரைக் கூப்பிட்டு ஊட்டுக்குச் சீல் வெக்கச் சொல்லுங்க"ன்னாங்க. "வாசல்ல ஒரு எலுமிச்சம்பழம் அறுத்து வெச்சிருங்க." கலெக்டரு எலுமிச்சம்பழம் அறுக்கலாமுங்களான்னு கேட்டேன். கலெக்டருக்கும் கண்ணேறு படுமில்லன்னாங்க. இருவது நிமிசத்துல என்ற மூணு மாச உழைப்பு, பாகப்பிரிவினை கேட்டு வந்த ஒரு பேயி, அதைச் சீல் வெச்ச ஒரு தாசில்தாருன்னு ஆயிப்போச்சு. எனக்கு அழுகை வந்துருச்சுங்ணா, நெசமாத்தான் சொல்றேன்.

சுகந்திகிட்ட மட்டும் கதை நான் எழுதுனபடியே போச்சு. "மூடுன ரூமுக்குள்ள ஆம்பளைக் குரலு கேக்குது. என்ன பண்றே?"ன்னேன்.

"ஒண்ணும் பண்ணலைங்க. சோறு போட்டு மூடி வெச்சுட்டுப் போயிப் படுத்துக்கறேன்."

"உனக்குப் பயமா இருக்கோணும். வேற யாருமில்லாத ஊட்டுல குரலு கேக்குது."

"பழகிருச்சுங்க."

அப்படிச் சும்மா சொன்னா ஒத்துக்க முடியுமா? உருட்டுன்னேன். உருட்டுனா, பயமில்லைன்னு வந்துச்சு. மறுபடியும் குரலு கிட்ட வருதுன்னு சொல்லி உருட்டச் சொன்னேன். மறுபடியும் பயமில்லை. நாலு தடவை. பகடை கோணலா இருக்குதோன்னு வாங்கிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கதவு கிட்டப் போற மாதிரி எழுந்து போயி, மூணு மாசம் பழகுன அந்தக் குரல்ல, "நான் யாருன்னு தெரியுதா?"ன்னு கேட்டேன்.

அவ தலையை நிமித்தாம, "தெரியுது. எங்கூட்டுக்காரரு"ன்னா.

மாமனார் கடகடன்னு சிரிச்சாரு. மாமியாளும் சிரிச்சாங்க. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு, ஏன்னா அதுதானுங்க என்ற கதையோட முடிச்சே. அந்தக் குரலு அவ புருசன். அறுபதாம் பக்கத்துல வர வேண்டியது. இவ இருவதாம் பக்கத்துலயே போட்டு உடைச்சுட்டா. இனி உட்டாக் கதை போச்சுன்னு நேரா அறுபதுக்குத் தாவுனேன். "உன்ற புருசன் செத்து மூணு மாசம் ஆச்சு!"ன்னேன். சும்மா சொல்லலைங்க. மேஜையைத் தட்டி, அவளை நேராக் கையைக் காட்டிச் சொன்னேன்.

மாமியா போட்ட சத்தத்துல பக்கத்து ஊட்டுல கதவைத் திறந்தாங்க. "தாலி கட்டுன புள்ளைகிட்டப் பேசற பேச்சாங்க இது? அதுவும் உங்க வாயாலயே? அச்சானியம், அச்சானியம்!"னு சாமி ரூமுக்கு ஓடிப் போயிக் குங்குமத்தை அள்ளிட்டு வந்து மக நெத்தியிலயும் தாலியிலயும் அப்புனாங்க. என்ற நெத்தியிலயும் அப்புனாங்க. பெத்தவங்களை முன்னால உக்கார வெச்சுட்டு அவங்க மகளைத் தாலியறுத்தவளாக்குன மாப்பிள்ளை இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அறுபது பக்கம் எழுதறப்ப இது ஒரு தடவை கூட எனக்கு உறைக்கலைங்ணா. பேயிக்குப் பல்லு எத்தனைங்கறது வரைக்கும் யோசிச்சேன், இதை யோசிக்கலை.

சுகந்தியா? அவ அழுவுலைங்க. நெத்தியில வழிஞ்ச குங்குமத்தைத் தொடைச்சுக்கிட்டு, "மூணு மாசந்தானா?"ன்னு கேட்டா. பாருங்க, அந்தக் களேபரத்துலயும் கணக்குல சந்தேகம் கேக்கறா. நல்ல ஆட்டக்காரிக்கு அடையாளமே அதுதான். ஆமா, மூணு மாசந்தான்னு நோட்டைக் காமிச்சேன். அப்புறம் அவ காப்பி டம்ளரைத் தூக்குனா. காப்பி வேணுமான்னு கேட்டேன். டம்ளரைத் தள்ளி வெச்சுட்டு அட்டை மேல வெரலை வெச்சா.

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? "ரெண்டு நிமிசம் பொறு, நல்ல எடம் இனிமேத்தான் வருது"ன்னேன்.

நாலு பக்கம் படிச்சேன். அவ வெரலை எடுக்கவே இல்லை. நகம் வெளுத்துப் போற அளவுக்கு அழுத்தி வெச்சிருந்தா. எனக்கு அது தெரிஞ்சுது, தெரியலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேய் வர்ற எடத்துல தொட்டிருந்தா நிறுத்தியிருப்பேங்க. அப்ப பேயி எங்க வந்துச்சு? குரலு மன்னிப்புக் கேக்கற எடமுங்க அது. யாரு பயப்படப் போறாங்கன்னு நெனச்சேன்.

அடுத்த நாள் காத்தால மாமியா, தோஷம் கழியோணும், ஒம்பது நாளு மாரியம்மன் கோயிலுக்கு வெளக்குப் போடோணும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சுகந்தி பையில பத்துச் சேலை எடுத்து வெச்சா. ஒம்பது நாளைக்கு எதுக்குப் பத்துன்னு வெளையாட்டாக் கேட்டேன். இருக்கட்டும்னா. ஒம்பது நாள் முடிஞ்சுது, பத்தொம்பதாச்சு. போன்ல நல்லாத்தான் பேசறா. எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும் பாக்கலாங்கறா.

வெள்ளகோயில் தாண்டிருச்சுங்களா? ஒரு உதவி பண்றீங்களாங்ணா? தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க சுகந்தின்னு வெச்சுக்குங்க. பகடை கூட வேண்டாம், சும்மா வாயிலயே. நான் உங்க ஊட்டு வாசல்ல நிக்கறேன். கையில இந்தப் பை. உள்ள மாத்தி எழுதுன கதை இருக்குது, புருசன் சாகலைன்னு திருத்திட்டேன், முழுசாத் திருத்திட்டேன். நான் கதவைத் தட்டறேன். என்ன பண்றீங்க?

என்னது? அட, அவகிட்ட வர்றேன்னு சொல்லலைங்க. திடீர்னு போயி நின்னா ஒரு இதுவா இருக்குமேன்னு பாத்தேன். கேட்டுட்டுப் போகோணுங்கறீங்களா? ஊட்டுல இல்லாமயா போயிருவா? சரி, நீங்க சொல்றீங்கன்னு பண்றேன். கொஞ்சம் இருங்க.

அலோ. சுகந்தி? நாந்தான். பஸ்ஸுல வந்துட்டிருக்கேன். கரூருக்குத்தான். ஆமா, இன்னைக்குத்தான். ஊட்டுல இருக்கியா? இல்லையா? எங்க? என்ன வேலை? ...எப்ப சொன்னே?

...ம்.

ம். இல்லை, கேக்குது. சொல்லு.

எத்தனை மணி வரைக்கும்? அஞ்சா? சரி, அஞ்சு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருக்கேன். இல்லை, எதுவும் படிச்சுக் காமிக்க வரலை. நீ பேசு, நான் கேக்கறேன். நெசமாத்தான். சுகந்தி? அலோ?

வேலைக்குச் சேந்துட்டாளாங்க. கண்ணாஸ்பத்திரில சீட்டுப் போடற எடத்துல, கல்யாணத்துக்கு முன்ன பாத்த அதே வேலை. ஒம்பது நாளாச்சாம். பத்தாம் நாளே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாளாம், கால் மணி நேரம் பேசுனாளாம். போகட்டுமா வேண்டாமான்னு கேட்டாளாம். போன்னு நாந்தான் சொன்னேனாம். போன் வந்தது ஞாபகம் இருக்குதுங்ணா. புதுப் பகடைக்கு நம்பரு வெட்டிட்டிருந்தேன், ஸ்பீக்கருல போட்டுட்டு ம் ம்முன்னு சொல்லிட்டிருந்தேன். அவ பேசுனதுல ஒரு வார்த்தை ஞாபகமில்லை. இப்ப யோசிச்சுப் பாக்கறேன், ஒரு வார்த்தை கூட வர மாட்டேங்குது. இத்தனை பேயி எழுதுனேன், ஒண்ணுக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

நான் வந்து உக்காந்திருக்கேன்னு சொன்னதுக்கு அவ சரின்னும் சொல்லலை, வேண்டான்னும் சொல்லலை. பாதியில கட்டாயிருச்சு. ஏனுங்ணா, இந்தப் பக்கம் டவரு கிடைக்காதுங்களா? காட்டுப் பக்கமாத்தான இருக்குது. உங்க போன்ல எத்தனை கோடு காட்டுது?

நாலா.

என்ற போன்லயும் நாலு இருக்குதுங்ணா.